எதற்கு எவ்வளவு? வட்டி, மருந்து, சிமென்ட், உரம்: அன்றாட விகிதக் கணக்குகள்

வைகைக்கரை

வணக்கம். மாலை நேரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். விகிதசமம் பாடத்தில் 3 : 5 = 12 : ? என்று போட்டால் எல்லோரும் 20 என்று எழுதிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளிடம் "நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்று ஊரில் சொல்கிறார்களே, அது வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?" என்று கேட்டால் பாதிப் பேர் 2 என்கிறார்கள். பெருக்கத் தெரியாமல் இல்லை. அந்த 2 எவ்வளவு பணத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

வீதமாக வரும் எந்த எண்ணும் தனியாக நிற்காது. லிட்டருக்கு, மாதத்துக்கு, கிலோ எடைக்கு, ஏக்கருக்கு என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அந்த ஒன்று என்ன என்பதை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பெருக்கவேண்டும் என்பது என் கட்சி. புத்தகக் கணக்கில் அது கேள்வியிலேயே எழுதப்பட்டிருக்கும். வாழ்க்கையில் நாமேதான் தேடி எடுக்கவேண்டும்.

உங்கள் வேலையில், வீட்டில், வயலில் வரும் உண்மையான விகிதக் கணக்குகளை எண்களோடு இங்கே எழுதுங்கள். "எங்கும் கணிதம் இருக்கிறது" என்ற பொதுப்பேச்சு வேண்டாம். அப்படியே கரும்பலகையில் எழுதிப் போடும்படியான கணக்கு வேண்டும்.

---

பொள்ளாச்சிக்காரன்

டீச்சர், வட்டி என்றதும் என் கேள்வியையே போடுகிறேன். பைக் வாங்க 60,000 தேவைப்படுது. ஷோரூமில் ஃபைனான்ஸ் ஆள் "12 பர்சென்ட் பிளாட், 24 மாசம், மாசம் 3,100" என்றார். ஊரில் தெரிந்தவர் ஒருத்தர் ரெண்டு ரூபா வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். மாசாமாசம் வட்டி மட்டும் கொடுத்தால் போதும், அசலை ரெண்டு வருஷம் கழித்து மொத்தமாகத் தரலாம். எனக்கு 12 தான் பாதி மாதிரி தெரியுது. அண்ணன் "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்டா" என்கிறார். யார் சொல்வது சரி?

---

பேரேடு

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் அண்ணன் விஷயம் தெரிந்தவர்.

ஒரு வீதம் ஆண்டுக்குச் சொல்லப்பட்டது, இன்னொன்று மாதத்துக்கு. முதலில் இரண்டையும் ஒரே காலத்துக்குக் கொண்டுவருவோம். மாதம் நூற்றுக்கு 2 என்றால் ஆண்டுக்கு 24. இங்கேயே நின்றால் 12 பாதி என்றுதான் படும். ஆனால் எந்தத் தொகைக்கு அந்த 12 என்பதை இன்னும் பார்க்கவில்லை.

பிளாட் கணக்கில் 60,000-க்கு ஆண்டு வட்டி 7,200. இரண்டு ஆண்டுக்கு 14,400. அசலோடு 74,400. அதை 24-ஆல் வகுத்தால் 3,100. அவர் சொன்ன தவணை சரிதான். ஆனால் முதல் தவணை கட்டிய மறுநாளே உங்களிடம் 60,000 இல்லை. கடைசி மாதத்தில் மூவாயிரம் அளவுக்குத்தான் பாக்கி இருக்கும். அந்த மூவாயிரத்தை வைத்துக்கொண்டு 60,000-க்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

காகிதத்தில் போடக்கூடிய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. அசல் மாதம் 2,500 வீதம் குறைகிறது என்று வைத்தால், முதல் மாத நிலுவை 60,000, கடைசி மாத நிலுவை 2,500. கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 31,250. ஆண்டுக்கு 7,200 வட்டியை இந்த 31,250-க்குப் போட்டால் 23 சதவீதம் வரும். தவணைக் கடனில் ஆரம்பத்தில் வட்டிப் பங்கு அதிகம், அசல் மெதுவாகத்தான் குறையும். அதனால் உண்மையான சராசரி நிலுவை 31,250-ஐ விடச் சற்றுக் கூடும், வீதம் சற்றுக் குறையும். கணினியில் போட்டால் 21.6 சதவீதம்.

ஆக 21.6 ஒரு பக்கம், 24 ஒரு பக்கம்.

2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ நிதி நிறுவனமோ புதிய சில்லறைக் கடன் கொடுத்தால் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கையில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அந்த வரி சொல்லும். ஃபைனான்ஸ் ஆளிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

---

பொள்ளாச்சிக்காரன்

ஐயா, ஒரு இடம் புரியவில்லை. 21.6-உம் 24-உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. ஆனால் ஊர்க்காரருக்கு மாசம் 1,200, ரெண்டு வருஷத்தில் 28,800 வட்டி. ஷோரூமில் 14,400 தான். சரிபாதி! வீதம் ஒண்ணு போல இருந்தால் வட்டி எப்படிப் பாதியாகும்?

---

பேரேடு

நல்ல கேள்வி. இதற்கு நாங்கள் வங்கியில் பயன்படுத்திய வழியையே சொல்கிறேன். வட்டி என்பது பணத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை, பணம் உங்களிடம் இருந்த காலத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஆகவே அளவை ரூபாய் என்று வைக்காமல் ரூபாய்-மாதம் என்று வையுங்கள். நூறு ரூபாய் ஒரு மாதம் இருந்தால் 100 ரூபாய்-மாதம்.

ஊர்க்காரர் பணம் 60,000 முழுதாக 24 மாதம் உங்களிடம் இருக்கிறது. 60,000 × 24 = 14,40,000 ரூபாய்-மாதம். அதற்கு 2 சதவீதம் 28,800.

ஷோரூம் கடனில் ஒவ்வொரு மாதமும் இருந்த நிலுவையைக் கூட்டிக்கொண்டே வந்தால் சுமார் 8,01,000 ரூபாய்-மாதம்தான். அதற்கு 14,400 வட்டி என்றால் மாதத்துக்கு 1.8 சதவீதம், 12-ஆல் பெருக்கினால் 21.6.

வட்டி பாதியாகத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் பணத்தை ஏறக்குறைய பாதி அளவுக்குத்தான் அனுபவிக்கிறீர்கள். இரண்டு வருஷக் கடைசியில் 60,000-ஐ மொத்தமாகப் புரட்ட முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் 3,100 கட்டமுடிந்த பலருக்கு அது முடிவதில்லை.

---

பூச்சந்தை

அப்பா பூ வியாபாரம். எங்கள் சந்தையில் தண்டல்தான். 10,000 என்று பெயர், கையில் கொடுக்கும்போதே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "பதினைஞ்சு பர்சென்ட்தானே" என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பேரேடு ஐயா சொன்ன முறையில் நானே போட்டுப் பார்த்தேன். சரியா என்று பாருங்கள்.

வாங்கியது 10,000 இல்லை, 8,500. தினமும் குறைவதால் சராசரியாகக் கையில் இருப்பது சுமார் 4,290. அதற்கு 100 நாளில் 1,500 என்றால் 35 சதவீதம். ஆண்டுக்கு 3.65-ஆல் பெருக்கினால் 128 சதவீதம் வருகிறது!

---

பேரேடு

முறை சரி. துல்லியமாகப் போட்டால் 121 சதவீதம் வரும், கைக்கணக்கு எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 15 என்பது 100 நாளுக்கு, அதுவும் வாங்காத 10,000-க்குச் சொல்லப்பட்ட எண். தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தினவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா.

---

வைகைக்கரை

பூச்சந்தை, உங்கள் கணக்கை அப்படியே வகுப்பில் போடப்போகிறேன். "எதற்கு 15?" என்ற ஒரு கேள்வியில் 15 என்பது 121 ஆகிவிடுகிறது.

அடுத்து மருந்து பற்றி யாராவது எழுதுங்களேன். பிள்ளைகள் வீட்டில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாட்டில் அது.

---

மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநர். காய்ச்சல் சிரப் பற்றி எழுதுகிறேன். இது மருத்துவரிடம் போவதற்கு மாற்று இல்லை. அவர் எழுதிக்கொடுத்ததைச் சரியாகப் படிப்பதற்கு.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். குழப்பம் அடுத்த படியில்தான். கடையில் ஒரே மருந்து மூன்று விதமாக இருக்கிறது.

5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அந்தக் குழந்தைக்கு 5 முதல் 7.5 மில்லி.
5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 2.4 முதல் 3.6 மில்லி.
1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 முதல் 1.8 மில்லி.

"போன தடவை அஞ்சு மில்லி கொடுத்தோம், இந்தத் தடவையும் அஞ்சு கொடு" என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டில் மாறியிருந்தால் அந்த 5 மில்லியில் 250 மில்லிகிராம் போகிறது, கிலோவுக்கு 20-ஐத் தாண்டிவிடுகிறது. சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் முழு மாத்திரை ஒன்று! மில்லி என்பது திரவத்தின் அளவு, மில்லிகிராம் என்பது மருந்தின் அளவு. இரண்டையும் இணைக்கும் வீதம் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது. கடையில் பாட்டில் வாங்கும்போதே அந்த வரியை விரலால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள்.

---

மூணுபிள்ளைஅம்மா

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் தருகிறார்களே, அதையும் சொல்லுங்கள் அண்ணா. எங்கள் தெருவில் ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போட்டுக் கலக்குகிறார்கள். "கெட்டியா இருந்தா சீக்கிரம் தெம்பு வரும்" என்று சொல்கிறார்கள்.

---

மாத்திரைப்பெட்டி

அக்கா, தயவுசெய்து தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள், அது ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொடியில் மொத்தம் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. இவ்வளவும் 1 லிட்டர் தண்ணீருக்கு. 200 மில்லி டம்ளரில் முழுதையும் போட்டால் உப்பு ஐந்து மடங்கு. நீர் இழந்த குழந்தையின் உடம்பில் உப்பு ஏறினால் வலிப்பு வரைக்கும் போகும். அடர்த்தி கூடினால் குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே இழுக்கும், போக்கு அதிகமாகும். ரொம்ப நீர்த்துப் போனாலும் உப்புச் சத்து போதாது.

200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு. ஆகவே பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். பாக்கெட்டே கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு சர்க்கரை தலைதட்டிய 6 டீஸ்பூன், உப்பு தலைதட்டிய அரை டீஸ்பூன். இதில் மட்டும் கண்ணளவு கூடாது.

---

தேர்வுக்களம்

எல்லாம் சரி டீச்சர். ஆனால் நான் குரூப் 4-க்குப் படிக்கிறேன். அங்கே ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. குறுக்குப் பெருக்கல் போட்டால் பத்து நொடியில் விடை. "ஒன்றுக்கு எவ்வளவு" என்று அலகு முறையில் போய், பக்கத்தில் லிட்டர், மாதம் என்று எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நாலு எண்ணில் மூணு தெரிந்தால் நாலாவது வரும். இதற்கு இவ்வளவு பெரிய விவாதம் தேவையா?

---

வைகைக்கரை

தேவை என்றுதான் நினைக்கிறேன், தம்பி. குறுக்குப் பெருக்கலுக்கு நான் எதிரி இல்லை. அது கடைசிப் படி. அதற்கு முன்னால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற முடிவை அது எடுத்துத் தராது.

என் வகுப்பில் கேட்பது: "3 டம்ளர் ஜூஸுக்கு 2 எலுமிச்சை. 5 டம்ளருக்கு?" சில பிள்ளைகள் 4 என்பார்கள். டம்ளர் ரெண்டு கூடியது, பழமும் ரெண்டு கூடட்டும் என்பது அவர்கள் நியாயம். விகிதம் கூட்டலால் நகராது, மடங்கால் நகரும் என்பது இன்னும் உள்ளே போகவில்லை. "ஒரு டம்ளருக்கு எவ்வளவு பழம்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையே முக்கால் பழத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று சொல்லி, 5 டம்ளருக்கு மூன்றேகால், மூன்றரைக்குள் வரும் என்று யோசிக்கத் தொடங்கும். சூத்திரம் கொடுத்திருந்தால் விடை வந்திருக்கும், இந்த யோசனை வந்திருக்காது.

உங்கள் தேர்வில் வரும் கணக்கையே எடுங்கள். 60 கிலோமீட்டர் போகும்போது மணிக்கு 40, திரும்பும்போது மணிக்கு 60. சராசரி வேகம்? 50 என்பது கண்ணுக்கு முதலில் படும் விடை, நாலு விடைகளில் ஒன்றாகவும் வைத்திருப்பார்கள். போக ஒன்றரை மணி, வர ஒரு மணி. 120 கிலோமீட்டர், இரண்டரை மணி, ஆகவே 48. மெதுவாகப் போன நேரம் அதிகம் என்பதால் 40-க்குக் கனம் கூடுதல். வேகம் மணிக்கு என்று சொல்லப்படுவதால் மணியால்தான் சராசரி எடுக்கவேண்டும்.

இதே கணக்கு நகைச் சீட்டில் உண்டு. மாதம் 30,000 போடுகிறீர்கள். ஒரு மாதம் கிராம் 6,000, இன்னொரு மாதம் 10,000 என்று கணக்குக்காக வைப்போம். முதல் மாதம் 5 கிராம், அடுத்த மாதம் 3 கிராம், சேர்ந்து சரியாக ஒரு சவரன். கொடுத்தது 60,000. கிராமுக்கு 7,500 தான் விழுந்திருக்கிறது, 8,000 இல்லை. ஒரே தொகைக்கு வாங்கும்போது விலை குறைந்த மாதத்தில் கிராம் அதிகம் சேர்கிறது. வண்டியில் வேகம் 50-க்குக் கீழே வந்ததும் இங்கே விலை 8,000-க்குக் கீழே வந்ததும் ஒரே காரணத்தால்.

---

தேர்வுக்களம்

சீட்டையும் வேகத்தையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன்: எண்ணை வைக்கிற இடம்தான் முக்கியம். அப்படியானால் 4 பேர் 6 நாள், 8 பேர் 3 நாள் மாதிரிக் கணக்குக்கு என்ன எழுதவேண்டும்?

---

கலவைச்சட்டி

அதை நான் சொல்கிறேன், கட்டட வேலையில் மேற்பார்வை. பக்கத்தில் ஆள்-நாள் என்று எழுதுங்கள். 4 × 6 = 24 ஆள்-நாள். 8 பேர் என்றால் 3 நாள், 12 பேர் என்றால் 2. ஆனால் 24 பேரை விட்டு ஒரே நாளில் முடிக்கலாம் என்று புத்தகம் சொல்லும், சைட் சொல்லாது. சாரத்தில் அவ்வளவு பேர் நிற்கமுடியாது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டும் நாளை ஆள் போட்டுக் குறைக்கவும் முடியாது.

எங்கள் வேலையில் முக்கியமான விகிதம் கலவை. தளத்துக்கு எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் என்றால் 1 : 1½ : 3. சிமென்ட், மணல், ஜல்லி. 10 அடிக்கு 12 அடி அறை, 5 அங்குலத் தளம் போட்டுப் பார்ப்போம். 120 × 5 ÷ 12 = 50 கன அடி. இதை மூன்று பங்காகப் பிரித்து மூட்டை சொன்னால் பாதி வேலையில் சரக்கு தீர்ந்துவிடும். ஜல்லிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் மணல் போய் உட்காரும், மணலின் இடைவெளியில் சிமென்ட் உட்காரும். போடுகிற சரக்கு மொத்தம் 50 கன அடிக்கு மேலே இருந்தால்தான் முடிவில் 50 கிடைக்கும். நாங்கள் 1.54-ஆல் பெருக்குவோம்: 77 கன அடி. பங்கு மொத்தம் 5½. 77-ஐ 5½-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 14. சிமென்ட் 14, மணல் 21, ஜல்லி 42 கன அடி. 50 கிலோ மூட்டை சுமார் 1¼ கன அடி, ஆகவே 11 மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. 12 இறக்கச் சொல்லுங்கள்.

இப்போது மணல். நாங்கள் சட்டியில், பெட்டியில் கொள்ளளவாக அளக்கிறோம். மணல் லேசாக ஈரமாக இருந்தால் துகளுக்கு நடுவில் நீர்ப்படலம் நின்று உப்பிக்கொள்ளும், கால் பங்கு வரைக்கும்கூட. ஈர மணல் 21 கன அடி அளந்து போட்டால் உண்மையில் 17 தான் விழுந்திருக்கும். கலவை விகிதமே மாறிப்போச்சு. சோதிக்கச் சுலபமான வழி: ஒரு நேரான பாத்திரத்தில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, அது முழுக மூழ்கத் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் 16-க்கு 4 உப்பல், அதாவது 25 சதவீதம். அப்போது 21-க்குப் பதில் 26¼ அளக்கவேண்டும். எடையில் அளந்தால் இந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு, ஆனால் சின்ன வீட்டு வேலையில் யாரும் தராசு வைப்பதில்லை.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். இந்தியத் தரநிலை 456-இல் இப்படிப் பங்கு போட்டுக் கலக்கும் எம்20-க்கு ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர்தான். கலவை ஓடவேண்டும் என்று குழாயைத் திறந்து விடுகிறார்கள். சிமென்ட் அதே 12 மூட்டைதான், பில்லும் அதேதான், ஆனால் வலு போய்விடும். வீட்டுக்காரர்கள் சிமென்ட் மூட்டையை எண்ணுகிறார்கள், தண்ணீரை யாரும் எண்ணுவதில்லை. தளம் போடும் அன்று ஒரு அளவு வாளியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

---

பந்திச்சமையல்

ஆள் போட்டு நாளைக் குறைக்கமுடியாது என்று கலவைச்சட்டி அண்ணன் சொன்னது சமையலுக்கும் பொருந்தும். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டு டம்ளர் தண்ணீர் வைக்கிறவர்கள் கல்யாணத்துக்கு 50 கிலோவுக்கும் அதே கணக்கு வைத்தால் குழைந்துவிடும். ஆவியாகப் போகிற தண்ணீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்தது இல்லை. அரிசி குடிக்கிற தண்ணீர் மடங்காகும், ஆவியாவது அப்படி ஆகாது. உப்பு, புளி மடங்காகப் போடலாம், காரத்தைக் கொஞ்சம் பிடித்துத்தான் போடுவோம்.

---

வைகைக்கரை

மடங்காகாத இடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், நன்றி. மின்கட்டணமும் அந்த வகை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை, அதற்குமேல் படிப்படியாக வீதம் ஏறும், 500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறும். 200 யூனிட் பில்லை இரண்டால் பெருக்கி 400-க்குச் சொல்லமுடியாது. ஆனால் மின்விசிறி எவ்வளவு இழுக்கும் என்பது மடங்குக் கணக்குதான்: 75 வாட் விசிறி 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், 28 வாட் விசிறி என்றால் 0.28.

---

குறுவைசம்பா

தஞ்சைப் பக்கம் விவசாயம். எங்களுக்கு வரும் கஷ்டம் வேறு. பரிந்துரை எக்டேருக்கு எழுதியிருக்கும், கடைக்காரர் ஏக்கருக்குச் சொல்வார், எங்கள் நிலம் மாவில். மூன்றும் கலந்து உரம் வாங்கும்போதுதான் காசு வீணாகிறது, பயிரும் சாய்கிறது.

ஒரு மா என்பது 100 குழி, குழி 144 சதுர அடி. ஆகவே 14,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் மா சுமார் 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு எக்டேர் 2.47 ஏக்கர், அதாவது ஏழரை மா.

மத்திய, நீண்டகால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து 150 : 50 : 50 கிலோ. மாவுக்கு 150-ஐ 7½-ஆல் வகுத்தால் 20 கிலோ தழைச்சத்து. கவனியுங்கள், 20 கிலோ யூரியா இல்லை. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46. 20-ஐ 0.46-ஆல் வகுத்தால் 43½ கிலோ. இப்போது மூட்டை 45 கிலோ. ஆக மொத்தப் போகத்துக்கும் ஒரு மாவுக்கு ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, அதையும் ஒரேயடியாக இல்லாமல் பிரித்துப் போடவேண்டும்.

டிஏபி போடுகிறவர்கள் இன்னொரு படி பார்க்கணும். மணிச்சத்து மாவுக்கு 6.7 கிலோ, டிஏபியில் மணிச்சத்து 46 என்பதால் 14½ கிலோ டிஏபி. அதிலேயே தழைச்சத்து 18 சதவீதம், 2.6 கிலோ வந்துவிடுகிறது. 20-இல் அதைக் கழித்தால் 17.4, யூரியா 38 கிலோ போதும். இந்தக் கழித்தலை நிறையப் பேர் செய்வதில்லை. தழை கூடினால் பயிர் கரும்பச்சையாகத் தெரியும், பார்க்க அழகாக இருக்கும், புகையான் பூச்சியும் குலைநோயும் அதைத்தான் தேடி வரும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் 150 : 50 : 50-ஐ விட்டுவிட்டு அதில் உள்ள எண்ணை வைத்து இதே வழியில் போடுங்கள்.

பஞ்சகவ்யம் 3 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 3 லிட்டர். 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு 300 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 480. பழைய டேங்க் போய் 16 லிட்டர் பேட்டரி டேங்க் வந்தபிறகும் 300-ஏ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்போது 2 சதவீதம்கூட இல்லை.

---

பூச்சந்தை

நூற்றுக்கு 46 என்பது மூட்டை மேலேயே இருக்குமா அண்ணா?

---

குறுவைசம்பா

இருக்கும் தங்கச்சி. யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 சதவீதம் என்றும், டிஏபியில் 18-46 என்றும் பெரிதாகவே போட்டிருக்கும். சில காம்ப்ளெக்ஸ் உரங்களில் 20-20-0-13 மாதிரி நாலு எண் வரும், கடைசி எண் கந்தகம்.

---

பொள்ளாச்சிக்காரன்

பேரேடு ஐயா, ஏபிஆர் வரியைக் கேட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கு. ஊர்க்காரர் கடன் வேண்டாம் என்று வீட்டில் முடிவு. கடைசியாக ஒன்று. ஒரு வருஷம் கட்டிவிட்டு, மிச்சத்தை மொத்தமாக அடைத்தால் பாதி வட்டி, 7,200 மிச்சம் ஆகுமா?

---

பேரேடு

ஆகாது தம்பி. காலம் பாதி, ஆனால் ரூபாய்-மாதம் பாதி இல்லை. முதல் வருஷத்தில்தான் பெரிய நிலுவை உங்களிடம் இருந்தது.

12 தவணையில் நீங்கள் கட்டியிருப்பது 37,200. அதில் அசலில் கழிந்தது சுமார் 26,800, வட்டிக்குப் போனது சுமார் 10,400. நிலுவை 33,200 அளவில் இருக்கும். இனி வரவேண்டிய வட்டி 4,000 தான். முன்கூட்டியே அடைத்தால் மிச்சமாகக்கூடியது அதிகபட்சம் இந்த 4,000.

ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைப்பதற்கு ஏதாவது கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு நிலுவையில் 4 சதவீதம் என்று இருந்தால் 1,328 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 239. சேர்த்து 1,567. அப்போது உங்கள் கையில் நிற்பது சுமார் 2,430. கட்டணமே இல்லை என்று எழுதியிருந்தால் முழு 4,000. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 4 சதவீதம் எதன்மேல் என்பதையும் சேர்த்து: நிலுவையின் மேலா, முதலில் வாங்கிய 60,000-இன் மேலா. 60,000-இன் மேல் என்றால் கட்டணம் 2,400, வரியோடு 2,832. மிச்சம் 1,170 ரூபாய்க்கு வந்துவிடும்.